மூச்சுக்குப் பெயர் சொன்னவர்

அவருடைய கால்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். இடது காலின் சின்ன விரல் மற்ற விரல்களோடு சேராமல் தள்ளி நிற்கும். செருப்பு வார் அறுந்து நூலால் தைத்திருக்கும். வேட்டிக் கரையில் சைக்கிள் செயினின் எண்ணெய்க் கறுப்பு. அதற்கு மேலே ஒரு நீலத் திரை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். முகம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர் அப்போத்திக்கரி. முழு டாக்டர் இல்லை. மருந்து கொடுக்கப் படித்து, அரசாங்க வேலை பார்த்து, ஓய்வுபெற்றவர். சொந்த ஊர் காரைதீவு. தினமும் காலையில் சைக்கிளில் எங்கள் ஊருக்கு வருவார். கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. அவர் இந்து, நாங்கள் முஸ்லிம்கள். அப்போது அது யாரும் எடுத்துச் சொல்கிற சங்கதியாக இருக்கவில்லை. எங்கள் வீட்டு வளவின் பின்வேலிக்கு அங்கால், பெரிய தெருவைப் பார்த்த ஒரு கடையின் முன்னறையை வாடகைக்கு எடுத்து மருந்து கொடுத்தார்.

அறையை நடுவில் திரை போட்டுப் பிரித்திருந்தார்கள். தெருப் பக்கம் ஆண்களுக்கு. பெண்கள் நாங்கள் பின்பக்கத்துச் சின்ன ஒழுங்கையால் வந்து உள்பக்கத்து வாங்குப் பலகையில் இருப்போம். அந்நிய ஆணின் முன்னால் பெண்கள் முகம் காட்டுவதில்லை. நோய் வந்தாலும் அதுதான் முறை. அவரும் அதை மீறியதில்லை. தொடக்கத்தில் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாயின் வட்டத்தைத் திரைக்குக் கீழால் நீட்டுவார். உம்மா அதை வாங்கி என் முதுகில் வைப்பா. வட்டம் குளிராக இருக்கும், எனக்குக் கூச்சமாக இருக்கும், நான் மூச்சையே நிறுத்திவிடுவேன். சில பெண்கள் அதைத் தொடவே பயந்தார்கள். கடைசியில் அவர் குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காதை மட்டும் தந்தார். “கதையாம இருங்க. மூச்ச மட்டும் விடுங்க” என்பார். வாங்கில் இருக்கிற எல்லோரும் அமைதியாகிவிடுவோம். தெருவில் போகிற மாட்டுக் கரத்தையின் சத்தம்கூட அந்த நேரத்தில் பிழையாகத் தோன்றும்.

பிறகு ஒரு சொல் சொல்வார். இங்கிலீசுச் சொல். மருந்து அதற்குப் பிறகுதான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதில் அதற்கும் பங்குண்டு. வயலில் நெல் சூடடிக்கிற காலத்தில் தூசு ஊருக்குள் வந்துவிட்டால் நெஞ்சு பூட்டிக்கொள்ளும். புயலடித்த வருசத்துக்கு அடுத்த வருசம் எனக்குக் கலியாணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வந்த முதல் போக அறுவடையிலேயே நான் இழுத்துக்கொண்டு கிடந்தேன். உம்மா என்னை அந்த வாங்குக்குக் கூட்டிப் போனா. அப்போதுதான் என்னுடைய சத்தத்துக்குப் பெயர் கிடைத்தது.

“வீஸ்” என்றார். நானும் உம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“பயப்பிடாத தங்கச்சி. வடக்கே பனிக்கடல் பக்கம் கப்பல் ஓட்டின சனங்கள் பாம்பு சீறுறதுக்கு அப்படி ஒரு சொல் வச்சிருந்தாங்களாம். இங்கிலீசுக்காரன் அத எடுத்து நெஞ்சுக்கு வச்சிட்டான். மூச்சு வெளிய வரக்குள்ள சீறுதுதானே, அதான்.”

அவர் ஆறுதலுக்குச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து நெஞ்சுக்குள் பாம்பு கிடக்கிறதென்று படுக்கப் பயந்தேன். மாப்பிள்ளை ஏன் அழுகிறாய் என்று கேட்டபோது அதைச் சொல்லவும் கூச்சம்.

பெயர் தெரியாத சத்தத்துக்குத்தான் பயப்பட வேண்டும், பெயர் வைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பது அவருடைய எண்ணம். கொழும்பில் படிக்கும்போது அவருடைய வாத்தியார் ஒருவர், பெயர் சொல்லாமல் மருந்துப் போத்தலைத் தொட விடமாட்டாராம். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடுகிற ஆசை அவர் தானாகப் பிடித்துக்கொண்டது. வெற்றிலை போடுகிறவருக்கு வெற்றிலை மாதிரி, அவருக்கு அது. மற்றக் கதை அவரிடம் குறைவு. மழை பெய்கிறதா, விளைச்சல் எப்படி என்றெல்லாம் கேட்கமாட்டார். ஆனால் ஒரு கிழவி வாங்கில் வந்து இருந்து நெஞ்சுக்குள் கொர்கொர் என்றால் போதும், “ரொங்கஸ்” என்பார். அது கிரேக்கர் குறட்டைக்குச் சொன்ன பேராம். மூக்கு விடுகிற குறட்டையை நெஞ்சு விட்டால் அந்தப் பேராம். வாயைத் திறந்து காற்றை அள்ளுகிறவளுக்கு “காஸ்ப்”. அது முதலில் கொட்டாவிக்குச் சொன்ன சொல்லாம். கொட்டாவி எப்படி மூச்சுத் திணறலாக மாறியது என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வார். கிழவி அங்கே காற்றில்லாமல் தவித்துக்கொண்டிருப்பாள்.

வர முடியாத நோயாளிகளுக்காக வீட்டுப் பெண்கள் வருவார்கள். அவர்களிடம் நோயைப் பற்றிக் கேட்கமாட்டார். “எப்பிடி மூச்சு விடுறாரு என்டு விட்டுக் காட்டு” என்பார். தாய்க்காக மகள் சீறுவாள், புருசனுக்காகப் பெண்சாதி கரகரப்பாள். ஒருத்தி தொடங்கினால் மற்றவளும் தன் வீட்டுச் சத்தத்தை எடுத்துவிடுவாள். திரைக்கு அங்கால் இருக்கிற ஆண்களுக்கு இது பெரிய பகிடி. “உள்ளுக்குள்ள என்ன, ஆட்டுப்பட்டியா” என்று ஒருவர் கேட்டது எங்களுக்குக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. “அது உள்ள போகக்குள்ளயா, வெளிய வரக்குள்ளயா” என்று திரும்பத் திரும்பக் கேட்பார். அவருக்கு அதுதான் பெரிய விசயம். வெளியே வரும்போது சத்தம் வந்தால் நெஞ்சில் பிழை. உள்ளே போகும்போது வந்தால் தொண்டையில் பிழை. உள்ளே போகிற சத்தத்துக்கு “ஸ்ட்ரைடர்” என்று பெயர். கதவுக் கீல் கிறீச்சிடுவதற்கு லத்தீன்காரர் சொன்ன சொல். அதைச் சொன்ன அன்று குரலை இறக்கிக்கொண்டார். தான் பயப்படுகிற சத்தம் அது ஒன்றுதான் என்றார்.

எங்களுக்கு அப்படி இல்லை. எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் பயம்.

அதற்குக் காரணம் ஊரில் நடந்த ஒரு சாவு, ஒரு மௌத்து. பக்கத்து ஒழுங்கையில் ஒரு மனிதர் வாய் கோணி விழுந்துவிட்டார். அப்போத்திக்கரி போய்ப் பார்த்து “ஸ்டெர்ட்டர்” என்று ஒரு சொல் சொன்னார். சொன்ன அன்றே, பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன், அந்த மனிதர் மௌத்தாகிவிட்டார். அந்தச் சொல் ஊர்ப் பெண்களிடையே பரவிவிட்டது. வீஸ் என்றால் பிழைக்கும், ரொங்கஸ் என்றால் இழுத்தடிக்கும், ஸ்டெர்ட்டர் என்றால் கபன் துணி எடுக்கலாம் என்று வாங்கிலிருந்தபடியே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு நோன்புப் பெருநாள். வட்டிலப்பமும் சோறும் தின்றுவிட்டுப் படுத்த கடைக்காரர் ஒருவர் எழும்பவில்லை. பெண்சாதி ஓடிவந்து திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவருடைய சத்தத்தை விட்டுக் காட்டினாள். பெரிய சத்தம்தான். அப்போத்திக்கரி யோசித்து யோசித்து, “ஸ்டெர்ட்டராவும் இருக்கலாம், வந்து பாக்கிறன்” என்று சைக்கிளை எடுக்கப் போனார். அவள் அதற்குள் வீட்டுக்கு ஓடிவிட்டாள். அவர் போய்ச் சேர்ந்தபோது சாகப் போகிறவருக்குச் செய்கிற மாதிரிக் கடைக்காரரைக் கிப்லாவைப் பார்த்துத் திருப்பிக் கிடத்தி, தலைமாட்டில் யாசீன் ஓதத் தொடங்கிவிட்டார்கள். ஓதல் பாதியில் கடைக்காரர் கண்ணைத் திறந்து, “ஆருக்கு ஓதுறீங்க” என்று கேட்டாராம். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் வெறும் குறட்டை என்றுதான் அர்த்தமாம். அதை அப்போத்திக்கரி அன்றைக்குத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் எடுத்ததே இல்லை. அது இன்னும் மோசமாகப் போனது. அவர் ஒன்றும் சொல்லாமல் மருந்து கலக்கினால், சொல்லக்கூடாத சொல்லாக இருக்கும் என்று பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

ஆண்களுக்கு வேறு குறை. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கு எந்த மூச்சு என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் நான் வேலிக் கிடுகின் ஓட்டையால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து ஒழுங்கையில் கலியாண ஊர்வலம். அவர் சைக்கிளில் போனார். போனவர் நிறுத்தினார். காலை ஊன்றி நின்று, வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே, “குளிசைய ரெண்டு நாளா விட்டுட்டாய் போல தங்கச்சி” என்று சொல்லிவிட்டு மிதித்தார். உண்மைதான், மாத்திரையை விட்டிருந்தேன்; ஊர்வலச் சத்தத்துக்குள்ளும் என் மூச்சு அவருக்குக் கேட்டிருக்கிறது. கிடுகு வேலியும் முக்காடும் மறைக்காத ஒன்று என்னிடம் இருக்கிறதென்று அன்றைக்கு விளங்கியது. மாப்பிள்ளையின் காதுக்கும் இது போய்விட்டது. அவர் வாயை அதிகம் திறக்காத மனிதர். ஆனாலும், நம்முடைய பெண்களின் மூச்சை இன்னொருவன் கணக்கெடுத்துக்கொண்டு திரிகிறான், இது நல்லதுக்கில்லை என்று உம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு நான் மருந்துக்குப் போவது குறைந்தது. போனாலும் மூச்சை மெதுவாக விடப் பார்ப்பேன். அவர் மருந்தை மட்டும் கலக்கித் திரைக்குக் கீழால் நீட்டுவார்.

எண்பதுகளின் நடுவில் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் பயம் விழுந்தது. எங்கள் ஊருக்கும் காரைதீவுக்கும் இடையில் ஒரு தெருவளவு தூரம்தான். யார் முதலில் கை வைத்தார்கள் என்று எழுத எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் வீடு எரிந்தது, இரண்டு பக்கமும் தாய்மார் அழுதார்கள். பிறகு அடங்கும். பிறகு கெட்ட செய்தியாக ஒரு புதினம் வரும், திரும்பவும் கடைகளைப் பூட்டுவார்கள்.

அப்படி ஒரு அடங்கிய நாளில் அவர் வந்திருந்தார். வெயில் ஏறுவதற்குள் புதினம் வந்துவிட்டது. பெரிய தெருவில் கடைப் பலகைகள் அடிபடுகிற சத்தம் கேட்டது. இளந்தாரிகள் பொல்லுத் தடிகளோடு சந்தியில் கூடினார்கள். நாங்கள் பின்கதவைப் பூட்டப் போனபோது மாப்பிள்ளை பின்வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அப்போத்திக்கரி வந்தார். நான் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். பழகிய பழக்கம். சைக்கிளைக் கிணற்றடியில் போட்டு ஓலையால் மூடினார்கள்.

“அறைக்குள்ள இருக்கட்டும். ஒருத்தருக்கும் தெரியப்படாது” என்று மாப்பிள்ளை சொன்னார். சொல்லிவிட்டு, தன்னைத் தேடி யாரும் வீட்டுக்கு வந்துவிடக்கூடாதென்று தானே சந்திக்குப் போய் அந்தக் கூட்டத்தோடு நின்றுகொண்டார்.

அறை வாசலில் எங்கள் வீட்டுத் திரை தொங்கியது. அவர் நெல் மூட்டைகளுக்கு மேல் கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். திரைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நெல் தூசில் அவருக்கு மூச்சு கரகரத்தது. இத்தனை வருசம் மூச்சு விட்டது நான், காது கொடுத்தது அவர். இன்றைக்கு மாறியிருந்தது. உம்மா தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, “அவருக்கும் நம்மட வருத்தம்தான் போல மகள்” என்றா.

உம்மா பயத்தில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் விறாந்தையில் புளி உடைக்கத் தொடங்கினா. நானும் இருந்தேன். நான்கு வயது மகள் கொட்டைகளைப் பொறுக்கிக் குவித்து விளையாடினாள். சந்தியில் யாரோ கத்தினார்கள். நாங்கள் இரண்டு பேரும் திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினோம். அவளும் திடுக்கிட்டாள். இருமினாள். பிறகு மூச்சு விடச் சத்தம் வந்தது.

தாயைக் கொண்டு பிறந்திருக்கிறாள், முட்டு தொடங்கிவிட்டது என்று உம்மா அவளுடைய நெஞ்சைத் தடவினா. பக்கத்து வீட்டு ராத்தா, எனக்கு அக்கா முறை, சத்தத்தைக் கேட்டு ஓடிவந்தா. யாரோ போய்ப் பள்ளிவாசலில் ஓதுகிற லெவ்வையிடம் சொல்ல, அவர் ஓதிய தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு வந்தார். தெரு நிலைமையைப் பார்த்து அவருக்குத் துணையாக, சந்தியில் நின்ற இளந்தாரி ஒருவன் கூடவே வந்து விறாந்தைப் படியில் நின்றான். கையில் பொல்லு இருந்தது.

மூச்சுத் திணறினால் ஓதிய தண்ணி பருக்குவதுதான் எங்கள் வழக்கம். எனக்கும் எத்தனையோ தடவை பருக்கியிருக்கிறார்கள்.

மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்டேன். வெளியே வரும்போது சத்தம் இல்லை. உள்ளே போகும்போது கிறீச்சிட்டது. கழுத்துக் குழி உள்ளே இழுபட்டது. என்னுடைய சத்தம் எனக்குத் தெரியாதா. இது முட்டில்லை. திரைக்குப் பின்னால் கரகரத்துக்கொண்டிருந்த மூச்சும் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. அவர் காது கொடுக்கிறார். அவருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியதும் அவருக்குத் தெரியும்.

கூப்பிட்டால் அவருடைய உயிர் போய்விடும். கூப்பிடாவிட்டால் பிள்ளை போய்விடும். லெவ்வை பிஸ்மி சொல்லிச் செம்பை மகளின் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

“தண்ணி பருக்க வேணாம்.”

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. எங்கள் ஊரில் அந்தக் குரலைத் தெரியாத பெண் இல்லை. லெவ்வையின் கை அப்படியே நின்றது. படியில் நின்றவன் தலையைத் திருப்பினான்.

திரை விலகியது. அவர் வெளியே வந்தார். என் மடியிலிருந்து மகளை வாங்கி, நிலத்தில் குந்தி, முழங்காலில் குப்புறப் போட்டு, தலையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையால் முதுகில் அடித்தார். அடிக்கிற சத்தத்தில் உம்மா கண்ணை மூடிக்கொண்டா. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தேன்; அவளுடைய உதடு நாவற்பழம் தின்றது போல் இருந்தது. திரும்ப அடித்தார். ஒரு புளியங்கொட்டை சீமெந்துத் தரையில் விழுந்து துள்ளி, படியில் நின்றவனின் காலடியில் போய் நின்றது.

மகள் வீரிட்டாள். அவர் அவளை என் மடியில் போட்டுவிட்டு லெவ்வையிடம், “இப்ப அந்தத் தண்ணிய நெத்தியில தடவுங்க. குடிக்கிறது பொறவு” என்றார். லெவ்வை தடவினார்.

படியில் நின்றவன் புளியங்கொட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். திரும்பி நடந்தான். முதலில் நடந்தான், வேலிக் கடப்பைத் தாண்டியதும் ஓடினான்.

அவன் எங்கே ஓடுகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. லெவ்வை அவன் பின்னால் விரைந்தார். அவர் மட்டும் போய் என்ன செய்ய. ராத்தா மகளையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “ஐயாவ உள்ளுக்கு அனுப்பு. நான் சுறுக்கா வாறன்” என்று சொல்லிவிட்டுப் பின் ஒழுங்கையால் போனா.

அவர் திரைக்குப் பின்னால் போய் இருந்தார். அவருடைய மூச்சு இப்போது வேறு மாதிரி. கரகரப்பு இல்லை. வேட்டை நாய் ஓடி வந்து இளைப்பது போல். அதுவரை நான் அவரோடு ஒரு வார்த்தை நேரே கதைத்ததில்லை. எல்லாம் உம்மாதான். அன்றைக்கு எப்படியோ வாய் வந்தது.

“ஐயா, இது என்ன மூச்சு?”



“பான்ட்” என்றார். “பழைய பிரெஞ்சுக்காரன்ட சொல். கெட்ட கனவு கண்டு, நெஞ்சில ஒண்டு ஏறி இருந்து அமுக்கிறவன் விடுற மூச்சு. கனவில வாற உருவத்துக்குக் கிரேக்கன் வச்ச பேர்ல இருந்து வந்தது.” அதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கினார். “பேர் தெரிஞ்சும் பயம் போகுதில்ல தங்கச்சி.”

எங்கள் பக்கம் அதை அமுக்குவான் என்று சொல்வோம். அதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

ராத்தா மருந்தறை வாங்கில் எங்களோடு இருக்கிறவர்களை எல்லாம் திரட்டிவிட்டா. நெஞ்சுக் குறட்டைக் கிழவி, கடைக்காரரின் பெண்சாதி, மௌத்தானவரின் மகள், கைக்குழந்தைக்காரி. ஒவ்வொருவராகப் பிள்ளையைப் பார்க்க வருவது போல வந்து விறாந்தையில் நெருக்கி இருந்தார்கள். படி, வாசல், அறைத் திரை வரைக்கும் பெண்கள். ஓதிப் பார்க்க வருகிற லெவ்வையைத் தவிர, அந்நியப் பெண்கள் இருக்கிற இடத்துக்குள் எங்கள் ஆண்கள் ஏறமாட்டார்கள். வெளியே நின்று தொண்டையைச் செருமுவார்கள். அந்தச் செருமலைக் கேட்டுப் பெண்கள் உள்ளே போன பிறகுதான் வருவார்கள்.

அவர்கள் வந்தார்கள். கடப்படியில் நின்றார்கள். பொல்லுகளின் நுனி வேலிக்கு மேலால் தெரிந்தது. ஒருவர் செருமினார்.

நாங்கள் எழும்பவில்லை.

திரும்பவும் செருமினார்கள், இன்னும் பலமாக. கிழவி மட்டும் தலையைத் தூக்கி, “ஆருக்குத் தடிமன்? மருந்துக்காரர் இண்டைக்கு இல்ல, நாளைக்கு வாங்க” என்றா. ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே ஒருவரோடொருவர் மெல்லக் கதைத்தார்கள். மாப்பிள்ளையின் குரலும் லெவ்வையின் குரலும் அதற்குள் கேட்டன. என்ன சொன்னார்கள் என்று விளங்கவில்லை. செருமல் மூன்றாந்தரமும் வந்தது. நாங்கள் அசையாமல் இருந்தோம். அவர்கள் போய்விடவில்லை. சந்திக்கும் கடப்புக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார்கள். வெயில் விறாந்தையை விட்டு இறங்கும் வரைக்கும் இது நடந்தது. எங்களுக்குத் தண்ணி குடிக்கவும் பயம், குழந்தைக்குப் பால் கொடுக்க எழும்பவும் பயம். கால் மரத்துப் போனால் ஒருத்தியின் இடத்துக்கு இன்னொருத்தி நகர்ந்து இருந்தோம்.

அந்தித் தொழுகையான மக்ரிபுக்குக் கொஞ்சம் முன், மாப்பிள்ளை சொல்லிவிட்டாரோ என்னவோ, என் மாமா பின்வேலிக்கு மாட்டுக் கரத்தையைக் கொண்டுவந்தார். வைக்கோல் ஏற்றியிருந்தது. மாமா வயலுக்குப் போய் வருகிறவர், அவரை மறிக்கமாட்டார்கள். உம்மா அப்போத்திக்கரியை வைக்கோலுக்குள் இருத்தி மூடினா. முட்டுக்காரரை வைக்கோலுக்குள் வைப்பது எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். ஒரு இருமல் போதும். கரத்தை நகர்ந்த சத்தம் கேட்டது. விறாந்தையில் இருந்தவர்கள் ஒருவரும் அசையவில்லை. நாங்கள் எழும்பினால் அறை வெறுமையாகிவிட்டது என்று தெருவுக்குத் தெரிந்துவிடும்.

கரத்தை திரும்பி வர இருட்டத் தொடங்கிவிட்டது. மாமா பின்கதவால் வந்து வாசலில் குந்திக்கொண்டார். அவருடைய சாரமெல்லாம் சேறு.

“வரம்புக் கரையில இறக்கிட்டன். அவர்ர ஆக்கள் நிண்டு கூட்டிட்டுப் போனாங்க. வழியில ஒருக்காக்கூட இருமல்ல மனிசன்.”

அல்ஹம்துலில்லாஹ் என்று உம்மா சொன்னா. பெண்கள் கால்களை நீட்டினார்கள். யாரோ அழத் தொடங்கினாள்.

மாமா போகவில்லை. “ஒரு கதை சொல்லிவிட்டாரு” என்றார். “இறங்கினதுக்குப் பொறவு, ஓடுங்க என்டு நான் தள்ளுறன், போறாரில்ல. என்ட கையப் புடிச்சிக்கிட்டாரு. திரைக்குக் கிட்ட இருந்த ஒரு பொம்புளட நெஞ்சில, மூச்சு இழுக்கிற முடிவில, உப்ப நெருப்பில போட்டாப்போல வெடிக்கிதாம். அதுக்கு என்னமோ பேரு சொன்னாரு. லத்தீனில விறகு வெடிக்கிறதுக்குச் சொல்றதாம். என்ட வாய்க்குள்ள நிக்கல்ல. நெஞ்சில சளி கட்டி நீர் இறங்குதாம். வீட்டு மருந்தில மாறாதாம். ரோட்டுத் திறந்த உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டாம்.”

“எவளுக்காம்?” என்று ராத்தா கேட்டா.

“ஆரென்டு தெரியாதாம். அண்டைக்கெல்லாம் இல்லாத சத்தமாம். மாறி மாறி இருந்தீங்களாம், குழம்பிட்டுதாம்.”

நீட்டிய கால்களை எல்லோரும் மடக்கிக்கொண்டார்கள். திரைக்குக் கிட்ட எல்லோரும்தான் இருந்திருக்கிறோம். ஒருத்தியின் முகத்தை ஒருத்தி பார்த்தோம். விளக்கு இன்னும் கொளுத்தவில்லை. கைக்குழந்தைக்காரி குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, மெல்லத் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். கையால் கேட்க முடியுமா.

ராத்தாதான் முதலில் எழும்பினா. கிழவியின் முக்காட்டை ஒதுக்கி முதுகில் காதை வைத்தா. “விடுங்க மூச்ச” என்றா. கேட்டுவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினா. பிறகு கடைக்காரரின் பெண்சாதி. பிறகு கைக்குழந்தைக்காரி. ஒவ்வொருத்தியும் இழுத்து விட்டாள். மற்றவர்கள் அசையாமல் இருந்தோம். சந்தியில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். அவர்களுடைய பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. காது ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்குப் போனது.

என்னிடம் வந்தா. மகள் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். நான் குனிந்துகொண்டேன். ராத்தாவின் காது சூடாக முதுகில் பட்டது. மூச்சை இழுத்தேன், விட்டேன். ராத்தா தலையை ஆட்டவில்லை. “இன்னொருக்கா” என்றா. இழுத்தேன். விறாந்தையில் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்தா காதை எடுக்கவில்லை.